ஆறாவது பீடம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அருங்காட்சியகத்திலிருந்து தொலைபேசி வந்தபோது, வளைகுடாவின் முவைலா பகுதி அலுவலகத்தில் லீமா அன்றைய இரண்டாவது தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். அழைத்தவர் மாஹிரா. இலங்கைக்காரர். அருங்காட்சியகத்துக்கு வந்துபோகும் பொருள்கள் அனைத்துக்கும் அவர்தான் பொறுப்பு.

“லீமா, பெட்டியெல்லாம் திறந்துட்டம். அஞ்சுதான் இரிக்கி. ஆறாவது எங்க?”

“அஞ்சுதானே மேடம் வந்துது?”

“கிரீஸ்ல இருந்து அனுப்பினவங்கட கடிதத்துல ஆறு எண்டு இரிக்கி. ஒரே குடும்பத்துல ஆறு பேர். அஞ்சு பேர நிப்பாட்டிட்டு ஒராள விட்டுட்டு எப்படித் திறக்கிறது? வியாழக்கிழமை பின்னேரம் விழா.”

லீமா பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கோப்பைத் திறந்தாள். பதற்றப்படவில்லை. உடையக்கூடிய, விலைமதிக்க முடியாத பொருள்களை ஏற்றி இறக்கும் கம்பெனி அது. எட்டு வருடமாக அங்கே காகித வேலை முழுவதும் அவள் கையில். இதுவரை ஒரு பெட்டிகூட வழிமாறிப் போனதில்லை.

இந்த முறை வந்தவை கற்கள். சிலைகள் அல்ல, சிலைகள் நின்ற பீடங்கள். இரண்டாயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன்பு ஒரு கிரேக்கத் தீவில் ஒருவன் தன் குடும்பத்துப் பெரியவர்களுக்கு வெண்கலச் சிலைகள் செய்து, கோயிலருகே வரிசையாக நிறுத்தினான். வெண்கலத்தைப் பின்னால் யாரோ உருக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பளிங்குப் பீடங்கள் மிஞ்சின. மேலே பாதங்கள் பதிந்திருந்த இரண்டு பள்ளங்கள். முன்பக்கம் அந்த மனிதரின் பெயரும், அவர் அப்பாவின் பெயரும், அவரை நினைத்துச் செதுக்கிய ஓரிரு வரிகளும். லீமா படத்தில்தான் பார்த்திருந்தாள்.

கிரீஸிலிருந்து வந்த பட்டியலை எடுத்து வைத்தாள். ஆறு வரிகள். தான் தயாரித்த பட்டியலை எடுத்தாள். ஐந்து வரிகள். எந்த வரி இல்லை என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. அதை அழித்த நிமிடம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

நம் ஊர்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. வளைகுடாவுக்கு வருகிறவர்களுக்கு அப்பா பெயரே இரண்டாம் பெயராகிவிடும். ஒரு காகிதத்தில் பாலகுரு வேலுச்சாமி என்று இருப்பவர், இன்னொன்றில் வேலுச்சாமி பாலகுருவாக இருப்பார். கணினி அவரை இரண்டு ஆளாக எண்ணும். தொழிலாளர் கேம்பில் இரண்டு கட்டில் ஒதுக்கும். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் எந்த ஆள் என்று தெரியாமல் வாசலில் நிற்க வைக்கும். இப்படி ஒருவர் மூன்று மணி நேரம் நின்றதைப் பார்த்த பிறகு, லீமா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். எந்தப் பட்டியல் வந்தாலும் பெயர்களைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பாள். பொருந்தினால் ஒன்றை அழித்துவிடுவாள். எத்தனையோ பேர் அதனால் வாசலில் நிற்காமல் உள்ளே போயிருக்கிறார்கள்.

கிரேக்கப் பட்டியலின் மூன்றாவது வரியில் ‘நிகியாஸ் தியோன்’ என்று இருந்தது. நான்காவது வரியில் ‘தியோன் நிகியாஸ்’. கை தானாகவே போய் நான்காவதை அழித்தது. எடை வேறாக இருந்ததைக் கண் பார்த்தது. ஒன்று பெட்டியோடு, மற்றது பெட்டி இல்லாமல் என்று மனம் சமாதானம் சொல்லிக்கொண்டது. அவர்கள் சிலைகளை நிறுத்தியவனின் தாத்தாவும் அப்பாவும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வீடுகளில் நடப்பதுதான். லீமாவின் மகள் சுபிஷாவுக்கே ஞானஸ்நானப் பெயர் கணவன் ஜஸ்டஸின் அம்மா பெயர். அது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

இதைவிட மோசமான ஒன்றும் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை விமான நிலையச் சரக்குக் கொட்டகையிலிருந்து கார்மேகம் அழைத்திருந்தார்.

“தாயி, இங்க இதே மாதிரி இன்னொரு பெட்டி நிக்குது. லிஸ்ட்ல காணோம். ஏத்தவா?”

“லிஸ்ட்ல இல்லாட்டி நம்மளது இல்ல அண்ணே. தொடாதீங்க.”

“சரி தாயி.”

கார்மேகம் ராமநாதபுரம் பக்கம். ஐம்பது வயது. ஏற்றி இறக்கும் ஆட்களுக்குத் தலைவர். இப்போது அவர் மேலாளர் சேதுமாதவனின் அறைக்குள் நின்றுகொண்டிருந்தார். சேதுமாதவன் பாலக்காட்டுத் தமிழர். கெட்ட மனிதர் அல்ல, அவசரக்காரர். அருங்காட்சியக இயக்குநர் அதற்குள் மூன்று தடவை அவரை அழைத்துவிட்டார். கோப்பை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி அவர் கூப்பிட, லீமா போய்க் கதவருகே நின்றாள்.

“எத்தனை பெட்டி எடுத்தே கார்மேகம்?”

“அஞ்சு சார்.”

“அங்கே எத்தனை இருந்தது?”

“ஆறு இருந்துச்சு.”

“ஆறு இருந்தது. அஞ்சு எடுத்தே. எல்லாம் வந்தாச்சுன்னு கையெழுத்தும் போட்டே. பலே.”

“லிஸ்ட்ல அஞ்சுதான் சார்.”

“லிஸ்ட்ல தப்புன்னா அது அனுப்பினவா தப்பு, அதை அப்புறம் பார்த்துக்கலாம். உனக்கு வாய் இல்லையா? ஆபீஸுக்கு ஒரு போன் பண்ணிக் கேட்கணும்னு தோணலையா?”

கார்மேகம் லீமா பக்கம் திரும்பவே இல்லை. தன் தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“அந்த இடத்துல நான்தான் சார் பொறுப்பு,” என்றார்.

“அப்படின்னா பொறுப்பை ஏத்துக்கோ. அவாளுக்கு யாரையாவது நான் காட்டியாகணும். லீமா, இவருக்கு விசா கேன்சலேஷன் லெட்டர் அடிங்க. பன்னிரண்டு மணிக்குள்ளே என் மேஜைக்கு வரணும்.”

லீமா தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். கடிதத்தின் மாதிரி கணினியில் தயாராக இருந்தது. பெயர், கடவுச்சீட்டு எண், தேதி, மூன்றை நிரப்பினால் போதும். கார்மேகத்தின் பதினேழு வருட வேலை முடிந்துவிடும். போன் வந்ததைப் பற்றி அவர் சொல்லப்போவதில்லை என்பது தெரிந்துவிட்டது. அழித்த வரியை அவளைத் தவிர வேறு யாரும் ஒப்பிட்டுப் பார்க்கப்போவதும் இல்லை.

வெராண்டாவுக்குப் போய், பக்கத்து நாட்டில் ஜுபைலில் இருக்கும் கணவனை அழைத்தாள். ஜஸ்டஸ் அங்கே ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன்.

“டூட்டியில நிக்கேன். சீக்கிரம் சொல்லு.”

சொன்னாள்.

“சுபிஷாக்க விசா உன் பேர்லதானே இருக்கு?”

“ஆமா.”

“ஸ்கூல் முடிய இன்னும் நாலு மாசம் கெடக்கு.”

“தெரியும்.”

“முடிவு பண்ணிட்டுத்தானே போன் போட்ட? பின்ன என்கிட்ட என்னத்துக்குக் கேக்க?”

“கேக்கல. சொல்லுதேன்.”

ஜஸ்டஸ் சிரித்துவிட்டான். “அப்ப போய்ச் சொல்லு. வேல போச்சுன்னா ரெண்டுபேருமா இங்க வந்துருங்க. அங்க உள்ள வெயிலுதான் இங்கயும்.”

அவள் நீளமாக ஜெபம் எதுவும் செய்யவில்லை. ஆண்டவரே, நாக்கு குழறாமல் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, இரண்டு பட்டியல்களையும் எடுத்துக்கொண்டு போனாள். மனம் ஆச்சரியமாக லேசாக இருந்தது. சொல்லவேண்டியது என்ன என்று தெரிந்துவிட்டால், அதன் பிறகு நடக்கவேண்டிய தூரம் பத்தடிதான்.

“லெட்டர் ஆச்சா?”

“இல்ல சார். அத என்னால அடிக்க முடியாது. தப்பு என்னோடது.”

பட்டியல்களை மேஜைமேல் வைத்து, நான்காவது வரியைக் காட்டினாள். பெயர் திருப்பும் வழக்கத்தைச் சொன்னாள். “ஞாயித்துக்கிழமை அண்ணன் போன் பண்ணிக் கேட்டாரு சார். இன்னொரு பெட்டி நிக்குதுன்னாரு. நான்தான் தொடாதீங்கன்னு சொன்னேன்.”

சேதுமாதவன் கண்ணாடியைக் கழற்றினார். “இதை அவன் ஏன் என்கிட்டே சொல்லலை?”

“தெரியல சார்.”

“எட்டு வருஷம். நீங்க அடிச்ச லிஸ்ட்டை நான் ஒரு தடவைகூட ஒப்பிட்டுப் பார்த்ததில்லை.” அவளைத் திட்டுகிறாரா, தன்னையே திட்டிக்கொள்கிறாரா என்று அவர் குரலிலிருந்து தெரியவில்லை. “உங்க விஷயத்தை அப்புறம் பேசலாம். முதல்லே கல்லு. நீங்களே போங்க. காகிதத்தை வச்சுண்டு வாதாட அவனாலே முடியாது.”

சரக்குக் கொட்டகைக்குத் தொலைபேசியில் கேட்டபோது, உரிமை கோராத பெட்டிகள் புதன்கிழமை காலை விமானத்தில் அனுப்பியவருக்கே திரும்பும் என்றார்கள். இன்று செவ்வாய். லாரியை ஓட்டியது சாகிர், கீழக்கரைக்காரன். நடுவில் கார்மேகம், ஜன்னலோரம் மடியில் கோப்போடு லீமா.

“மாமா, உங்கள ஊருக்கு அனுப்பப் போறாகன்னு கேம்ப்ல ஒரே பேச்சு,” என்றான் சாகிர். “ஒங்க கட்டிலுக்கு இப்பவே ரெண்டு பேரு போட்டி.”

“ஒருத்தன் நீதானே?”

“ஏசிக்கு நேரா இருக்குல்ல மாமா. வேற ஒண்ணும் இல்ல.”

கார்மேகம் சிரித்தார். லீமாவால் சிரிக்க முடியவில்லை. “அண்ணே, நான் போன்ல சொன்னத சார்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டுவிட்டாள்.

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லுவேன்னு தெரியும் தாயி. நான் முந்திக்கிட்டா, அப்புறம் நீ சொன்னாலும் அது ஒத்துக்கிட்டதா ஆகுமே தவிர, நீயா வந்து சொன்னதா ஆகாது.”

“நான் சொல்லாம விட்டிருந்தா?”

“விடலைல்ல,” என்றார் கார்மேகம். அவ்வளவுதான்.

கொட்டகைக்கு வெளியே, ஞாயிற்றுக்கிழமை பெட்டிகள் நின்ற இடம் காலியாக இருந்தது. சிமென்ட் தரை வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்து, இல்லை என்பதற்கு அரபியில், “மாஃபி,” என்றார். லீமா பட்டியலைக் காட்டினாள். எண்ணைப் படித்தாள். மறுபடியும் “மாஃபி”. அவள் அசையவில்லை. இங்கே வந்தது, இங்கிருந்து போகவில்லை, ஆகையால் இங்கேதான் இருக்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் பொறுமையாக மூன்று முறை சொன்னாள். கவுண்டர்க்காரர் யாரையோ அழைத்தார். அவர் இன்னொருவரை அழைத்தார். வாசலில் இருந்த நேபாளக் காவலர் கடைசியில் வந்தார். நரைத்த மீசை. கையில் நோட்டு ஒன்று.

“மரப்பெட்டியா, பாய்? பெரிசா? குடை படம் போட்டது?” என்று ஹிந்தியில் கேட்டார்.

“அதேதான் பாய்,” என்றான் சாகிர்.

அவர் முன்னால் நடந்தார். உள்ளே, பழக்கூடைகளுக்காகக் குளிரூட்டிய பகுதியின் ஓரத்தில் பெட்டி நின்றது. மேலே அட்டை போர்த்தி, அட்டை பறக்காமல் இருக்க ஒரு செங்கல் வைத்திருந்தது. வெளியே வெயிலில் தனியாக நின்றது, பக்கத்தில் இருந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பெட்டியில் குடை வரைந்திருந்தது, யாரோ பத்திரமாக வை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன் என்றார். ஃபோர்க்லிஃப்ட்காரனிடம் சொல்லி உள்ளே வைக்கச் சொன்னாராம். மறந்துவிடக்கூடாது என்று நோட்டில் எழுதியும் வைத்திருந்தார். அது அவர் வேலை இல்லை. யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை.

லீமா “சுக்ரியா பாய்” என்று நன்றி சொன்னாள். அவர் செங்கலைக் கையில் எடுத்துக்கொண்டு, பெட்டியை எடுங்கள் என்பதுபோல் தள்ளி நின்றார்.

காகிதங்களில் முத்திரை விழ மூன்று மணி நேரம் ஆயிற்று. கார்மேகம் அதற்குள் பெட்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்து, நான்கு பக்கமும் தட்டிப் பார்த்தார். பட்டை போட்டு, ஒரு விரல் அகலம்கூட ஆடாமல் லாரியில் ஏற்றினார். வழியெல்லாம் சாகிரை நாற்பதுக்கு மேல் போகவிடவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். “அடிக்கட்டும், அவங்க பின்னால கல்லா இருக்கு?” என்றார்.

கல்லுக்கும் அறையின் குளிர் பழகவேண்டும் என்பது அருங்காட்சியக வழக்கம். ஒருநாள் பெட்டியை மூடியபடி வைத்திருந்து, புதன் மாலை திறந்தார்கள். லீமாவும் போயிருந்தாள். யாரும் அழைக்கவில்லை. தான் செய்ததைத் தானே போய்ப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

மாஹிரா முதலில் கல்லின் இடது மூலையைத்தான் விளக்கடித்துப் பார்த்தார். பழைய உடைப்பு ஒன்று அங்கே பசையால் ஒட்டப்பட்டிருந்தது.

“மூண்டு நாள் வெளி வெயில்ல நிண்டிருந்தா இந்தப் பசை இளகியிருக்கும். மூலை கையோட வந்திருக்கும்.” அவர் விரலை மெல்ல ஓரமாக ஓட்டினார். “ஒண்டும் ஆகல்ல. ஆர் உள்ளுக்கு வெச்சது?”

“வாசல்ல ஒரு காவலர் மேடம்,” என்றாள் லீமா.

“அவருக்கு இது என்ன எண்டு தெரியுமா?”

“தெரியாது.”

மாஹிரா தலையை ஆட்டிக்கொண்டார். ஐந்து பீடங்களும் சுவரோரம் நின்றன. பாட்டி, தாத்தா, அம்மா, சித்தப்பா, அத்தை. தாத்தாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே ஒரு இடைவெளி. கார்மேகத்தின் ஆட்கள் பெல்ட் போட்டு, சங்கிலியை இழுத்து, கல்லைத் தூக்கினார்கள். அவர் வாயால் எதுவும் சொல்லாமல் இரண்டு விரல்களால் மட்டும் மேலே, நிறுத்து, இடது, கீழே என்று காட்டினார். நானூறு கிலோ பளிங்கு சத்தமே இல்லாமல் இடைவெளியில் உட்கார்ந்தது.

“இதுல என்ன மேடம் எழுதியிருக்கு?” என்று கார்மேகம் கேட்டார்.

மாஹிரா குனிந்து, எழுத்துகளின்மேல் படாமல் விரலை நகர்த்தியபடி சொன்னார். “நிகியாஸ்ட மகன் தியோன். இவர இங்க நிப்பாட்டினது இவர்ட மகன் நிகியாஸ். நல்ல குணத்துக்காகவும், தன்னில காட்டின நல்லெண்ணத்துக்காகவும். தெய்வங்களுக்குக் காணிக்கை.”

“போர்ல ஜெயிச்சாரா?”

“அப்படி ஒண்டும் எழுதல்ல. இவ்வளவுதான்.”

“தாத்தா பேரு பேரனுக்கு,” என்றார் கார்மேகம். “எனக்கும் எங்க தாத்தா பேருதான். எங்கம்மா என்னய ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டது கெடையாது மேடம். மாமனார் பேராச்சே. ‘ஏ பெரியவனே’ன்னுதான் கூப்பிடுவாக. அடிக்கும்போதும் பெரியவனேதான்.”

சாகிர் சிரித்தான். “அப்ப இந்த நிகியாஸோட அம்மா அவரை எப்படிக் கூப்பிட்டிருக்கும் மாமா?”

“அந்தம்மா பக்கத்துலதான் நிக்குது. நீயே கேளு.”

லீமா பீடத்தின் மேல் இருந்த இரண்டு பாதப் பள்ளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதரின் முகம் எப்படியிருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. மகனிடம் நல்லெண்ணத்தோடு இருந்தார் என்பது மட்டும் தெரிகிறது. செங்கலை எடுத்துக்கொண்டு தள்ளி நின்ற அந்த நேபாளக் காவலரின் பெயரை ஒரு கல்லிலும் யாரும் செதுக்கமாட்டார்கள். அவருக்கு அது வேண்டியதாகவும் தெரியவில்லை. ஆண்டவருக்குத் தெரிந்திருந்தால் போதும் என்று அவள் நினைத்தாள். பிறகு, தனக்காவது தெரிந்திருக்கட்டும் என்று, திரும்பும் வழியில் இறங்கி அவரைப் பார்த்துப் பெயரைக் கேட்டுக்கொள்ளவேண்டும் என்று முடிவு செய்தாள். அன்றே கேட்டும் வந்தாள்.

வியாழக்கிழமை காலை சேதுமாதவன் அவளை அழைத்தார்.

“கார்மேகத்துக்கு அடிச்ச லெட்டரைக் கிழிச்சாச்சா?”

“அடிக்கவே இல்ல சார்.”

“ஓ, அன்னிக்கே சொன்னேளே.” அவர் பேனாவை உருட்டினார். “அப்படின்னா உங்களுக்கு ஒண்ணு அடிங்கோ. எச்சரிக்கைக் கடிதம். கோப்பிலே இருக்கணும். இல்லாட்டா மேலே இருக்கிறவா என்னைக் கேட்பா.”

“சரி சார்.”

இருபது நிமிடத்தில் கொண்டுவந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதியிருந்தாள். பெயர்களைத் திருப்பிப் பார்த்தது, எடை வேறாக இருந்ததைப் பார்த்தும் விட்டது, தொலைபேசியில் தான் சொன்ன பதில். மறுமுறை தவறு நேர்ந்தால் வேலைநீக்கம் செய்யலாம் என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருந்தாள்.

சேதுமாதவன் முழுவதையும் படித்தார். கடைசி வரியைக் குறுக்கே அடித்தார்.

“இது நான் சொல்லலையே. நீங்களா எழுதிண்டா எப்படி?” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். “எட்டு வருஷத்துக்கும் சேர்த்து இது ஒண்ணு. போறும். கார்மேகத்தை நான் காலையிலேயே கூப்பிட்டுப் பேசிட்டேன். என்ன பேசினேன்னு அவன்கிட்டே கேட்காதீங்கோ.”

பிறகு மேஜையின் ஓரத்திலிருந்த தடித்த உறை ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். அடுத்த வாரம் மஸ்கட்டிலிருந்து வரும் சரக்கு. பழைய மண்பானைகள்.

“வேற யாருக்காவது கொடுப்பீங்கன்னு நெனச்சேன் சார்,” என்றாள் லீமா.

“யாருக்கு? இனிமே எடை வித்தியாசத்தைப் பார்த்துட்டுச் சும்மா போகமாட்டேள்னு எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்.”

அவள் தன் இடத்துக்கு வந்து உறையைப் பிரித்தாள். பட்டியலைத் தட்டச்சு செய்வதற்கு முன்பே தொலைபேசியை எடுத்துக் கார்மேகத்தை அழைத்தாள். எங்கோ ஏற்றுகிற வேலையில் இருந்தார். பின்னால் சாகிரின் குரல் கேட்டது.

“சொல்லு தாயி.”

“அண்ணே, மஸ்கட் சரக்கு. நான் அடிக்கிற லிஸ்ட்டு இருக்கட்டும். மஸ்கட்டுலருந்து வந்த லிஸ்ட்ட அப்படியே வாசிக்கேன், நீங்க ஒரு காகிதத்துல கோடு போட்டுக்கோங்க. கொட்டகையில வந்து நிக்குறது இதோட ஒத்துப்போகணும்.”

“இரு, காகிதம் எடுக்கேன். ஏ சாகிர், அந்த அட்டையக் கிழிச்சுக் குடுப்பா. ம், சொல்லு. எத்தனை?”

“பதினொண்ணு.”

“ஒவ்வொண்ணா சொல்லு. எடையையும் சேத்துச் சொல்லு,” என்றார் கார்மேகம்.